உபயக் கோப்பை: ஒரே நாளில் முடிந்த ஒரு சீசன்

1934 நவம்பர் 4, ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சென்னை சேப்பாக்கத்தில் எம்.ஜே. கோபாலன் ஓடிவந்து வீசிய பந்தை மைசூர் அணியின் கர்ட்டிஸ் எதிர்கொண்டார். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்து அது. அன்று பொழுது சாய்வதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது. மைசூர் முதல் இன்னிங்ஸில் 48, சென்னை 130, மறுபடி இறங்கிய மைசூர் 59. சென்னைக்கு ஓர் இன்னிங்ஸ், 23 ஓட்ட வித்தியாசத்தில் வெற்றி. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஏ.ஜி. ராம்சிங் முதலில் 19 ஓட்டத்துக்கு 6, பிறகு 16 ஓட்டத்துக்கு 5 என்று 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இரண்டு அணிகளும் சேர்ந்து எடுத்தது 237 ஓட்டம்தான். இன்றைக்கு ஓர் இருபது ஓவர் அணி கை ஓடினால் ஒரே மாலையில் அடித்துவிடுகிற எண்ணிக்கை. கிரிக்கெட் பிரியர்கள் இந்தச் செய்தியை ஒரு துணுக்காகச் சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்தத் துணுக்குக்குள் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. ரஞ்சி அப்போது நாக்-அவுட். தோற்ற மைசூருக்கு அந்த ஆண்டு ரஞ்சியில் வேறு ஆட்டம் கிடையாது. காலையில் தொடங்கிய அவர்களுடைய சீசன் அன்று மாலையே முடிந்தது. ஒரு பகலுக்குள் தொடங்கி முடிகிற ஒன்றுக்குச் சீசன் என்று பேர் வைக்கலாமா?

தமிழில் சீசன் என்ற சொல் விளையாட்டுக்கு வெளியேதான் அதிகம் புழங்குகிறது. குற்றாலத்தில் சீசன் என்றால் சாரல். மாம்பழத்துக்கு ஒரு சீசன், ஐயப்ப சாமிகளுக்கு ஒரு சீசன். திருவண்ணாமலையில் கூட்டம் வரும் காலம் இரண்டு உண்டு, இரண்டும் ஒன்றல்ல. ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலையில் சீசன் என்றால் வெளிநாட்டுக்காரர்கள் வந்து மாதக்கணக்கில் தங்கும் பனிக்காலம். அறை வாடகை, சாப்பாட்டுக் கடை, ஆட்டோ, துணி துவைப்பு என்று ஒரு முழு வருமானச் சங்கிலி அந்த மாதங்களை நம்பி ஓடுகிறது. கோயில் பக்கம் வந்தால் கார்த்திகைத் தீபம்: கொடியேற்றம் முதல் மலை உச்சியில் தீபம் ஏற்றுவது வரை பத்து நாள். அதை அந்த ஊரில் யாரும் சீசன் என்று சொல்வதில்லை, திருவிழா என்பார்கள். முன்னது பிழைப்புக்கான காலம், பின்னது முறைப்படி நடந்தே தீரவேண்டிய நிகழ்ச்சி. 1934-35 இல் நம் கிரிக்கெட்டில் தொடங்கியதற்குச் சீசன் என்று பேர். வடிவத்தில் அது திருவிழாவாகவே இருந்தது என்பதுதான் நான் இங்கே சொல்லவருவது. அப்படி இருந்ததற்குக் காரணம் ஆட்டத்தின் இயல்போ ஆட்டக்காரர்களின் திறமையோ அல்ல. பணம் எந்த வழியாக உள்ளே வந்தது என்பதுதான்.

பணம் உபயமாக வந்தது. இந்தச் சொல்லைக் கேலியாகச் சொல்லவில்லை. நடந்ததற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்கவில்லை. இந்தியக் கிரிக்கெட் வாரியம் 1928 டிசம்பரில் பிறந்தது. அதன் செயலாளர் அந்தோணி டி மெல்லோ 1934 கோடையில் சிம்லாவில் கூடிய கூட்டத்தில், மாகாணங்களும் சமஸ்தானங்களும் மோதும் ஒரு போட்டிக்கான யோசனையைக் கோப்பையின் வரைபடத்தோடு முன்வைத்தார். பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் எழுந்து, தங்கக் கோப்பையை நான் தருகிறேன், முந்தைய ஆண்டு மறைந்த ரஞ்சித்சிங்ஜியின் பெயரை அதற்கு வையுங்கள் என்றார். கோப்பை 500 பவுண்டு பெறும் என்பது அன்றைய மதிப்பு. இதைத் திருவிழாப் பத்திரிகையில் போடுவதுபோலவே எழுதிவிடலாம்: தங்கக் கோப்பை உபயம், மகாராஜா அவர்கள், யார் நினைவாக என்ற விவரம் அதற்கு அடுத்த வரியில். உபயதாரருக்குக் கிடைக்கவேண்டியது மரியாதை, அவரும் எதிர்பார்த்தது அதைத்தான். வாகனத்துக்கு உபயம் செய்தவர், சாமி எத்தனை முறை வீதி சுற்றியது, பார்க்க வந்தவர்களுக்கு எவ்வளவு செலவானது என்று கணக்குக் கேட்பதில்லை. உற்சவம் நடந்தால் போதும். கோப்பை தந்தவருக்கும் வேண்டியிருந்தது ஒரு வெற்றியாளர், ஒரு பரிசளிப்பு. அதற்கு மிகக் குறைந்த செலவில் வழி நாக்-அவுட்தான். முதல் ஆண்டில் 15 அணிகள். தோற்றவர் வெளியேறும் முறையில் 14 ஆட்டத்தில் கோப்பைக்கு ஆள் கிடைத்துவிடும். ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் ஒரு முறை மோதுவதென்றால் 105 ஆட்டம் வேண்டும். 14-க்கும் 105-க்கும் நடுவே இருக்கிற தூரம்தான் திருவிழாவுக்கும் சீசனுக்கும் நடுவே இருக்கிற தூரம்.

இந்தத் தூரத்தைக் கடந்த ஒரு விளையாட்டை எடுத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். அமெரிக்காவின் பேஸ்பால், கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற ஆட்டம். 1869-இல் சின்சினாட்டி நகரின் ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணி தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் தந்தது. பத்துப் பேருக்கும் சேர்த்து சுமார் 9,300 டாலர். அதில் ஜார்ஜ் ரைட்டுக்கு மட்டும் 1,400. தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தேதி: சம்பளம் பேசப்பட்டது மார்ச் 15 முதல் நவம்பர் 15 வரைக்கும். சீசன் என்ற சொல்லுக்கு அதைவிடத் துல்லியமான வரையறை இருக்க முடியாது. எத்தனை நாளுக்குச் சம்பளம் உண்டோ அத்தனை நாள் சீசன். ஒரே நாளில் தோற்றுப்போனாலும் மறுநாள் ஆடித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் மறுநாளைக்கும் கூலி பேசியாயிற்று. ஆள் தயார், அட்டவணைதான் தயாராக இல்லை. 1871-இல் ஒன்பது அணிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. சேர்க்கைக் கட்டணம் வெறும் 10 டாலர். யார் யாரோடு எந்தத் தேதியில் ஆடுவது என்பதை அணிகளே கடிதம் போட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். ஃபோர்ட் வேய்ன் அணி ஆகஸ்டிலேயே கடையை மூடிவிட்டது. அக்டோபரில் சிகாகோ நகரமே தீப்பிடித்து எரிந்தபோது அந்த ஊர் அணியின் மைதானமும் சீருடைகளும் சாம்பலாயின. அந்த அணி இரவல் உடுப்புகளைப் போட்டுக்கொண்டு, அக்டோபர் 30 அன்று புரூக்ளினில் பிலடெல்பியாவோடு கடைசி ஆட்டத்தை ஆடித் தோற்றது. மைதானம் எரிந்தது, ஊர் எரிந்தது, ஆனாலும் ஆட்டம் பாக்கி இருந்தது, போனார்கள்.

அதைவிடப் பெரிய செய்தி 1876-இல் கிடைக்கிறது. வில்லியம் ஹல்பர்ட் என்ற சிகாகோக்காரர் முன்னின்று தேசிய லீகை அமைத்தார்: எட்டு அணிகள், ஆளுக்கு 70 ஆட்டம். சீசன் முடியும் தறுவாயில் நியூயார்க்கும் பிலடெல்பியாவும் மேற்கத்திய ஊர்களுக்குப் போய் ஆடவேண்டிய கடைசிச் சுற்றை ஆடாமல் இருந்துவிட்டன. பட்டம் கைவிட்டுப் போயிற்று, ரயில் செலவு மட்டும் மிச்சம், எதற்குப் போவது என்ற கணக்கு. நாட்டின் மிகப் பெரிய இரண்டு நகரங்களின் அணிகள் அவை. அவர்கள் மைதானத்தில்தான் கூட்டமும் வசூலும். ஹல்பர்ட் இரண்டையும் வெளியேற்றினார். அடுத்த ஆண்டு ஆறே அணிகளோடு லீக் நடந்தது. அந்த இரண்டு ஊர்களும் லீகுக்குத் திரும்ப 1883 ஆயிற்று. வசூல் தரும் கையையே வெட்டிக்கொண்டது முட்டாள்தனம் என்று அன்றைக்கும் சிலருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் பட்டத்துக்கு வாய்ப்பில்லாத அணியும் அட்டவணையில் போட்டிருக்கிற கடைசி ஆட்டம்வரை ஆடித் தீர்க்கவேண்டும் என்ற விதி இல்லாமல் சீசன் என்ற கட்டடம் நிற்காது. டிக்கெட் வாங்குபவன் நம்புவது அந்த விதியைத்தான். முன்பணம் போட்டு மைதானத்தைக் குத்தகைக்கு எடுப்பவனும் அதைத்தான் நம்புகிறான்.

திருவிழாவுக்குக் கடமை கிடையாதா என்று திருவண்ணாமலைக்காரர் யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. கடமையில் தீபத் திருவிழாவை மிஞ்ச எந்த லீகும் கிடையாது. 2,668 அடி உயர மலைக்குக் கொப்பரையைச் சுமந்து சென்று தீபம் ஏற்றுவது பர்வதராஜ குலத்தாரின் உரிமை; அடைமழை பெய்தாலும் அந்த மாலை ஆறு மணிக்குத் தீபம் எரியும். ஏழாம் நாள் என்றால் தேர், பத்தாம் நாள் விடியலில் பரணி தீபம். இதில் யாரும் எதையும் தள்ளிவைக்க முடியாது. ஆனால் இந்தக் கடமை பரம்பரை உரிமையிலிருந்து வருகிறது, ஒப்பந்தத்திலிருந்து அல்ல. தவிர, திருவிழாவில் நேற்று நடந்தது இன்று நடப்பதன் பொருளை மாற்றுவதில்லை. ஐந்தாம் நாள் ரிஷப வாகனம் எப்படிப் புறப்பட்டது என்பதைப் பொறுத்து ஆறாம் நாள் வெள்ளித் தேரின் மதிப்பு கூடுவதோ குறைவதோ இல்லை. சீசனில் எல்லாமே முன்பின் கணக்கு: மே மாதத்தில் தோற்ற ஓர் ஆட்டம் செப்டம்பரில் வந்து கழுத்தைப் பிடிக்கும். நாக்-அவுட்டில் முன்கதை என்று ஒன்று கிடையாது. இன்று ஜெயித்தவன் நாளைக்கும் இருப்பான், தோற்றவன் கதையிலேயே இல்லை.

சென்னை கிரிக்கெட் ஏற்கெனவே இந்தத் திருவிழாப் பழக்கத்தில் வளர்ந்தது. வெள்ளையர்களின் சங்கமான மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-இல் தொடங்கி, 1865-இல் சேப்பாக்கத்துக்கு வந்தது. அங்கே இந்தியர்களுக்குக் கூடாரத்துக்குள் இடமில்லை. மரத்தடியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். அந்த அவமானத்துக்குப் பதிலாகவே புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை எழுப்பினார். வெள்ளையர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே ஒரு வருடாந்திர ஆட்டம் அவர் கனவு. 1908-இல் அவர் இறந்துவிட்டார். 1915-16 முதல் அது நிலைபெற்று, பொங்கல் விடுமுறையில் நடந்ததால் பொங்கல் மேட்ச் என்றே பேர் வாங்கியது. ஆண்டு முழுதும் காத்திருந்து, மூன்று நாள் பார்த்துவிட்டு, மறுபொங்கல்வரை பேசித் தீர்ப்பது என்ற ரசனை ஊறிப்போயிற்று. 1952-இல் அந்த ஆட்டம் நின்றதும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ள வந்தது இன்னொரு வருடாந்திர ஆட்டம்தான்: சென்னைக்கும் இலங்கைக்கும் இடையிலான கோபாலன் கோப்பை, அந்த முதல் பந்தை வீசிய அதே கோபாலனின் பெயரில். திருவிழா ஒன்று நின்றால் அந்த இடத்தில் இன்னொரு திருவிழா வைப்பதுதான் நம் இயல்பு. இதற்கு மறுபக்கமும் உண்டு. 1930-களின் தொடக்கத்திலேயே சென்னை கிளப்புகளுக்குள் லீக் ஆட்டம் தொடங்கிவிட்டது. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஞாயிறு தோறும் வெள்ளை உடுப்பு போட்டவர்கள் சீசன் என்பதன் உண்மையான பொருளை ரஞ்சிக்கு முன்பே அறிந்திருந்தார்கள். ஆகவே நான் கையில் வைத்திருக்கும் அளவுகோல் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்தது அல்ல. அது சேப்பாக்கத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்தது.

முதல் மறுப்பு எளிது, ஆனால் அடிக்கடி எழுவது. மைசூர் ஒரே நாளில் சுருண்டது ஆடுகளத்தின் தற்செயல். ஒரு தற்செயலை வைத்து அமைப்பையே எடைபோடுவதா? தற்செயல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 48-க்குச் சுருள்வது எந்த நாட்டிலும் எந்த அணிக்கும் நேரும். ஒரு லீகில் அது கெட்ட ஞாயிறு. அடுத்த வாரம் போய்க் கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம். 1934 ரஞ்சியில் அது ஓர் ஆண்டு. ஒரு கெட்ட பகலை ஒரு முழு ஆண்டாக மாற்றியது ஆடுகளமோ மேகமோ அல்ல, போட்டியின் அமைப்பு. அந்த அணியில் முதன்முறையாக இடம்பிடித்த ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். இரண்டு முறை மட்டையைப் பிடித்தான், ஒரு முறை பந்தைத் துரத்தினான், அவ்வளவுதான். அவன் நல்லவனா மட்டமானவனா என்று தேர்வாளர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? தேசிய அணிக்கு ஆள் எடுக்கவே ரஞ்சி என்று சொல்லப்பட்டது. ஆள் எடுப்பதற்கே உதவாத அமைப்பு அது. அதே சீசனில் ஹைதராபாத்தின் சையத் முகமது ஹாடி சென்னைக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 132 எடுத்தார். ரஞ்சியின் முதல் சதம் அது. அவர் 1924 ஒலிம்பிக்கில் டென்னிஸ் ஆடியவர், பல விளையாட்டுகளில் கெட்டிக்காரர் என்பதால் ரெயின்போ ஹாடி என்று செல்லப்பெயர். அப்படிப்பட்டவர்கள் ஒரே வாய்ப்பில் தங்களைக் காட்டிவிடுவார்கள். இரண்டாவது வாய்ப்பில் மலர்பவர்களைக் காணும் வழி அந்த அமைப்பில் கிடையாது.

இரண்டாவது மறுப்பு கனமானது: தூரம், ஏழ்மை, மழை. சென்னையிலிருந்து டெல்லிக்கு அன்றைய ரயிலில் போய்வருவது ஒரு காரியமா? வடகிழக்குப் பருவமழைக்கும் கோடைக்கும் நடுவே எத்தனை நாள் கிடைக்கும்? இங்கிலாந்திலேயே கவுண்டிகள் எல்லாம் ஒரே எண்ணிக்கையில் ஆடவில்லையே, 1890-இல் முறைப்படுத்தப்பட்ட பிறகும் சதவீதக் கணக்குப் போட்டுத்தானே பட்டம் தந்தார்கள் என்றும் கேட்கலாம். எல்லாம் உண்மை. ஆனால் நியூயார்க் அணியும் 1876-இல் இதே ரயில் செலவைத்தான் காரணமாகக் காட்டியது. தூரம் எல்லா நாட்டிலும் உண்டு. தூரத்துக்கு யார் பணம் கட்டுவது என்பதில்தான் வேறுபாடு. இங்கிலாந்தின் கவுண்டிகள் சம ஆட்டம் ஆடவில்லை, ஆனால் கோடை முழுதும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கூலி கொடுத்தன. மழையைப் பொறுத்தவரை, சென்னைக்கும் மைசூருக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் ஆளுக்கு இரண்டு மூன்று ஆட்டம் வைத்துக்கொள்ள எந்த மேகமும் தடுக்கவில்லை. 1957-58-இல் மண்டலத்துக்குள் லீக் முறை வந்தபோது அதே ரயில், அதே மழை, அதே தூரம். மைசூர், சென்னை, ஹைதராபாத், ஆந்திரம், கேரளம் என்று ஐந்து அணிகள் இருந்த தென்மண்டலத்தில் எவ்வளவு தோற்றாலும் நாலு ஆட்டம் நிச்சயம் என்றாயிற்று. வாரியம் நினைத்தபோது முடிந்தது. நினைப்பதற்கு 23 ஆண்டு பிடித்தது.

போட்டி உபயத்தில் நடந்தால் ஆடுகிறவன் வயிற்றுக்கு என்ன செய்வான்? வேறெங்காவது சம்பளம் தேடவேண்டும். இங்கேதான் முதல் பந்தை வீசிய மனிதருக்குத் திரும்ப வருகிறோம். கோபாலனின் வேகத்தைக் கண்டுகொண்டவர் சி.பி. ஜான்ஸ்டன், பொங்கல் மேட்ச்சில் வெள்ளையர் பக்கம் ஆடியவர், சென்னையின் ரஞ்சி அணிக்குத் தலைமை தாங்கியவர். அவர் பையனுக்கு பர்மா ஷெல் கம்பெனியில் வேலை வாங்கித் தந்து, திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் ஆடவிட்டார். நல்ல மனதோடு செய்த உதவிதான். ஆனால் பிற்காலத் தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டின் வரைபடமே அந்த ஒரு வேலை உத்தரவுக்குள் இருக்கிறது: ஆட்டக்காரனுக்குச் சம்பளம் உண்டு, ஆனால் ஆட்டத்துக்கு அல்ல, பதிவேட்டில் அவன் கம்பெனி ஊழியன். சமஸ்தானங்களில் இதே ஏற்பாடு ராணுவப் பதவியின் உருவில் வந்தது. சி.கே. நாயுடு கர்னலாக இருந்தது ஹோல்கர் மன்னரின் படையில். 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்ட்டில் இங்கிலாந்தின் 7 விக்கெட்டுகளை 86 ஓட்டத்துக்குச் சாய்த்த அமர்சிங் இந்த மறைப்பெல்லாம் வேண்டாமென்று லங்காஷயர் லீகின் கோல்ன் கிளப்புக்குத் தொழில்முறை ஆட்டக்காரராகவே போய்விட்டார். பருத்தி ஆலைத் தொழிலாளர்கள் சனிக்கிழமை மதியம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்க்கும் லீக் அது. இந்திய ஆட்டக்காரன் ஒருவனுக்கு முழு அர்த்தத்தில் சீசன் கிடைத்தது, ஆனால் அது மான்செஸ்டருக்கு வடக்கே இருந்தது.

கோபாலனுக்கு நேர்ந்த இக்கட்டு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடிய அபூர்வ மனிதர் அவர். 1936 கோடையில் இரண்டு கப்பல் அவர் முன் நின்றது: பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, இங்கிலாந்துக் கிரிக்கெட் சுற்றுப்பயணம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் வாங்கியது. இங்கிலாந்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்ட்டில்கூட இடம் தரப்படவில்லை. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஆடிய ஒரே டெஸ்ட்டோடு அவருடைய கணக்கு நின்றுபோனது. இதை விதி என்று சொல்லிப் பெருமூச்சு விடுவது வழக்கம். விதி இல்லை, அமைப்பு. எந்த ஆட்டம் அவருடைய தொழில் என்று எந்த ஒப்பந்தமும் சொல்லவில்லை, அதனால் ஒவ்வொரு அழைப்பும் அவருக்கு ஒரு சூதாட்டமாக இருந்தது. ஒப்பந்தம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பேஸ்பால் முதலாளிகள் 1879-இல் கொண்டுவந்த ரிசர்வ் விதி, ஆட்டக்காரனை அவன் கிளப்புக்கே கட்டிப்போட்டது. 1890-இல் ஜான் மான்ட்கோமரி வார்டு தலைமையில் ஆட்டக்காரர்கள் தனி லீக் தொடங்கி ஒரே சீசனில் நொடித்துப்போனார்கள். விலங்கு கழல 1975 ஆயிற்று. சம்பளத்துக்கு விலை உண்டு. ஆனால் அங்கே கட்டியவன் யார் என்று தெரியும், எதிர்த்துச் சண்டை போட முடிந்தது. உபயதாரரோடு யார் சண்டை போடுவது?

மூன்றாவது மறுப்பு எனக்குத் தொந்தரவானது, அதை ஒதுக்கிவிட்டுப் போக மனமில்லை. பம்பாயில் மதவாரி அணிகள் மோதிய பென்டாங்குலர் போட்டி அப்பட்டமான திருவிழா, நாக்-அவுட், ஓரிரு வாரத்தில் முடிவது. ஆனால் ரஞ்சியைவிடப் பன்மடங்கு கூட்டம் அதற்குத்தான் வந்தது, டிக்கெட் வசூலும் கொட்டியது. அப்படியென்றால் பணம் உபயமாக வந்ததால்தான் திருவிழா வடிவம் என்ற என் வாதம் உடைகிறதே? பாதி உடைகிறது. டிக்கெட் வசூல் திருவிழாவையும் வளர்க்கும் என்பதை ஏற்கவேண்டும். ஆனால் அந்த வசூல் ஆட்டக்காரனைச் சேரவில்லை. நடத்திய ஜிம்கானாக்களுக்குப் போயிற்று. உண்டியல் நிறைந்ததால் பல்லக்குத் தூக்கியவனுக்குக் கூலி கூடவில்லை. எனவே வாதத்தைக் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன்: பணம் டிக்கெட்டாக வருவது மட்டும் போதாது, அது ஆடுகிறவனின் சம்பளமாக மாறவேண்டும், அப்போதுதான் ஆட்டமில்லாத நாள் நட்டமாகி, ஆட்டங்கள் பெருகி, சீசன் பிறக்கும். மதச்சாயத்துக்கு எதிர்ப்பு வலுத்து 1946-இல் பென்டாங்குலர் நின்றபோது அதற்கு வந்த கூட்டம் ரஞ்சிக்கு வந்து சேரவில்லை என்பதையும் இங்கே கவனிக்கலாம்.

முதல் ரஞ்சி எப்படி முடிந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் குறை. 1935 மார்ச்சில் பம்பாயில் நடந்த இறுதியாட்டத்தில் எல்.பி. ஜெய் தலைமையில் பம்பாய், வட இந்திய அணியை 208 ஓட்டத்தில் வென்றது. மறு ஆண்டு இறுதிக்குச் சென்னையே போய் அதே பம்பாயிடம் தோற்றது. 1954-55-இல் பாலு அழகண்ணன் தலைமையில் ஹோல்கரை இந்தூரிலேயே வென்று சென்னை முதல்முறை கோப்பையைத் தூக்கியது. அதுவும் நாக்-அவுட் காலத்தில். லீக் முறை வந்தபின் அடுத்த பட்டத்துக்கு 1987-88 வரை காத்திருக்க நேர்ந்தது. நான் புகழும் வடிவம் என் மாநிலத்துக்கு நல்லது செய்யவில்லை என்று யாராவது குத்திக்காட்டினால் பதில் இல்லை, சிரித்துக்கொள்ளலாம். நடுவே வேலைவாய்ப்பு வழி விரிந்துகொண்டே போனது. ஸ்டேட் பாங்க், ரயில்வே, இந்தியா பிஸ்டன்ஸ், சன்மாரின் ஜாலி ரோவர்ஸ் என்று சென்னை லீகின் பட்டியலைப் பார்த்தால் தொழிற்பேட்டைப் பெயர்ப்பலகை போலிருக்கும். ஜான்ஸ்டன் ஒருவருக்குச் செய்ததை ஒரு தலைமுறைக்கே நிறுவனங்கள் செய்தன. 2008-இல் ஏலம்போட்டு ஆள் எடுத்த ஐ.பி.எல். வந்துதான், ஆட்டத்துக்கே சம்பளம், ஆட்டத்துக்கே அட்டவணை என்பது இந்த நாட்டில் கூச்சமில்லாமல் உரக்கப் பேசப்பட்டது.

ஆனால் சென்னையை விட்டு வெளியே வந்தால் 1934 இன்னும் முடியவில்லை. பழைய வட ஆற்காட்டிலிருந்து 1989-இல் பிரிந்த திருவண்ணாமலை மாவட்டத்தில், பொங்கல் நெருங்கும்போது டீக்கடைச் சுவரிலும் பஸ் நிறுத்தத்திலும் கிரிக்கெட், கபடிப் போட்டிகளின் நோட்டீஸ்கள் ஒட்டப்படும். தலைப்பில் சாமி படம், கீழே மாபெரும் போட்டி, நாக்-அவுட், இரண்டு நாள். முதல் பரிசு இத்தனை ஆயிரம், அதைத் தருபவர் ஓர் ஒப்பந்தக்காரர். இரண்டாம் பரிசு ஒரு கட்சிக்காரர். கோப்பைகள் ஓர் எலெக்ட்ரிகல் கடைக்காரர். மதியச் சாப்பாடு இன்னொருவர் உபயம். உபயதாரர் ஒவ்வொருவருக்கும் தலையளவு போட்டோ. செங்கத்திலிருந்தோ போளூரிலிருந்தோ டெம்போவில் விடியற்காலையில் வந்திறங்கும் பையன்கள் ஒன்பது மணி ஆட்டத்தில் தோற்றால், அந்தச் சாப்பாடு வேகும் முன்பே திரும்ப ஏறிவிடுவார்கள். நோட்டீஸின் அடியில் சின்ன எழுத்தில் நுழைவுக் கட்டணம் போட்டிருக்கும். அதற்கு மட்டும் உபயதாரர் கிடையாது. பதினோரு பேரும் தங்களுக்குள் பிரித்துப் போட்டுக்கொள்கிறார்கள்.